இரட்டைக் குதிரை, ஒற்றைச் சீட்டு!

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ஆலைத் தோழர்களே!

ஒரே முதலாளியின் இரு குதிரைகள் ஓடினால், அமெரிக்கப் பந்தயங்களில் இரண்டையும் பிணைத்து ஒரே சீட்டு விற்பதுண்டு. எது வென்றாலும் பணம். ஏன் இந்தப் பிணைப்பு? மக்கள் நம்பிய குதிரையை அடக்கிப் பிடித்து, மற்றதை விரட்டி முதலாளி ஆதாயம் தேடக்கூடாதாம்! சூழ்ச்சிக்கு இடமுண்டென்று விதியே ஒப்புக்கொள்கிறது.

இரு குதிரை கிடைத்ததென்று மகிழாதீர். வாங்குவோர் பெருகுவர், ஆளுக்குப் பங்கு சுருங்கும். கிளப்பின் கழிவும் சர்க்கார் வரியும் போக மிச்சமே வென்றவருக்கு.

1974-இல் தமிழகம் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-இல் உச்சநீதிமன்றம், இது திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. எட்டு மணி நேரம் எந்திரத்தோடு நிற்பவன் குதிரையின் நடையை எப்போது ஆராய்வான்?

நாம் அறிந்த பிணைப்பு ஒன்றே: சங்கம்! சீட்டுக்குப் போகும் பணம் சந்தாவுக்கு வரட்டும்!