அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு சட்டம், இப்பால் ஒரு சட்டம்

2022 ஜனவரி 8, சனிக்கிழமை. கொரோனாவைத் தடுக்கக் கர்நாடகத்தில் வார இறுதி ஊரடங்கு: வெள்ளி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 5 மணி வரை. தமிழ்நாட்டிலோ ஞாயிறு ஒரு நாள்தான் முழு ஊரடங்கு. அதனால் அந்தச் சனிக்கிழமை கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளிக்கு ஊரடங்கு, இப்பக்கம் ஓசூருக்கு வழக்கமான வியாபார நாள். அடுத்த இரண்டே வாரத்தில், ஜனவரி 23 ஞாயிறன்று, நிலைமை தலைகீழானது. கர்நாடகம் வார இறுதி ஊரடங்கை விலக்கிக்கொண்டிருந்தது, ஓசூருக்குத்தான் பூட்டு. இரண்டு ஊர்களுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டையும் இணைப்பது ஒரே தேசிய நெடுஞ்சாலை. இந்தியாவில் ஓமிக்ரான் முதன்முதலில் கண்டறியப்பட்டதும் இதே சாலையின் மறுமுனையில் உள்ள பெங்களூருவில்தான், 2021 டிசம்பர் 2 அன்று.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. அடுத்த பெருந்தொற்று வரும் நாளில் இதே குழப்பம் இதே இடத்தில் மீண்டும் நடக்கும். அதைத் தடுக்க எல்லையின் இரு பக்கமும் எந்த ஏற்பாடும் நம் கண்ணில் படவில்லை.

கட்டுப்பாடுகளே வீண் என்று நாம் சொல்லவில்லை. 2020 மே தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. கர்நாடகம், ஆந்திரம் என இரு மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு, வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலையைத் தன் நடுவே வைத்திருக்கும் மாவட்டம் அது. ஆலைகள் நின்றன, சோதனைச் சாவடிகள் இறுகின, மக்கள் வீட்டில் இருந்தார்கள். தொற்று தள்ளிப்போனது. ஆனால் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அந்த மே மாதத்திலேயே பச்சை நிறம் போய்விட்டது.

கட்டுப்பாடு வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தை நாம் எப்படிச் செலவழித்தோம்? 2020 மே 4 அன்று கர்நாடகம் மதுக்கடைகளைத் திறந்தது, தமிழ்நாடு மே 7 அன்று திறந்தது, மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 18 அன்று, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலத்தவர் மாத இறுதிவரை உள்ளே வரக்கூடாது என்றது கர்நாடகம். ஒவ்வொரு அறிவிப்பும் தலைநகரில் எழுதப்பட்டது. அதன் கூட்டம் எல்லையில் சேர்ந்தது.

அறிவிக்கும் விதமே தொற்றைப் பரப்பும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வேறு சான்று தேவையில்லை. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24 அன்று சொன்னார்கள். 25 அன்று சந்தைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது ஜனம். சென்னை கோயம்பேடு சந்தையில் கிளம்பிய தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போனபிறகே, மே 5 அன்று அந்தச் சந்தை மூடப்பட்டது. அந்த ஒரு நாள் கூட்டம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாடம் கற்றிருக்கலாம். கற்கவில்லை. 2021 மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்றபோதும் முந்தைய இரண்டு நாள் கடைகளைத் திறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் ஒரு நாள் பாதிப்பு 36,184 என்ற உச்சத்தைத் தொட்டது மே 21 அன்று. மறுநாளே கடைவீதிக் கூட்டம்!

"மக்களுக்குப் பொறுப்பில்லை" என்பது அதிகாரிகள் எளிதில் சொல்லிவிடும் பதில். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டித் திரிந்தவர்களும், காய்ச்சலோடு கல்யாணத்துக்குப் போனவர்களும் நம்மில் நிறையப் பேர். அந்தப் பொறுப்பை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த நாட்களில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்திருந்தால் வேறொன்றும் தெரிந்திருக்கும். காலை ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முந்தைய இரவே உடம்பு சுடுகிறது. காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார். கேட்டில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி அவரை உள்ளே விட்டுவிடுகிறது. இந்த நோய் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவக்கூடியது என்பதால் அந்தக் கருவியால் ஏற்கெனவே பாதிப் பயன்தான்.

அவர் ஏன் வீட்டில் இருக்கவில்லை? தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ விதிகளைப் பாருங்கள். நோய்க்காலப் பணம் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. நல்ல திட்டம். ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. அதைப் பெறவே ஆறு மாத பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறி மாறி, இடையில் வேலையில்லாமல் கிடந்து, நேற்றுதான் புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த 78 நாள் எங்கிருந்து வரும்? வீட்டில் தனித்திரு என்று அரசு சொல்லும்போது, அவர் காதில் விழுவது சம்பளத்தை இழ என்பதுதான். நோய்ப் பயம் தொழிலாளிக்கு இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைத் தொழிலாளர்கள் 2021 மே மாதம் உட்கார்ந்து போராடியதும், சங்கம் உயர் நீதிமன்றம் வரை போனதும் உயிர்ப் பயத்தால்தான்.

ஓசூர் இன்று அன்றைய ஓசூரும் அல்ல. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்றிருந்த வட்டாரத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா ஆலை. வெளியூர்ப் பெண்கள் விடுதிகளில் ஓர் அறையில் பலராகத் தங்கி, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் போய்வருகிறார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் தனியறை எங்கே?

எல்லையில் கண்காணிப்பு நமக்குப் புதிதல்ல. 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தபோது ஓசூர் மதராஸ் மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. நோய் கண்ட பகுதிகளிலிருந்து வருவோருக்குப் பிளேக் பாஸ்போர்ட் கொடுத்துக் கண்காணித்தது மதராஸ் அரசு. 122 ஆண்டுக்குப் பின் நாம் கொடுத்தது இ-பாஸ். உலக நாடுகளோ 2025 மே 20 அன்று பெருந்தொற்று ஒப்பந்தமே நிறைவேற்றிவிட்டன. எல்லையின் இப்பக்கமுள்ள ஜூஜூவாடிக்கும் அப்பக்கமுள்ள அத்திப்பள்ளிக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் வேண்டாமா?

கிருஷ்ணகிரி ஆட்சியரும் பெங்களூரு நகர்ப்புற மாவட்டத் துணை ஆணையரும் உறுப்பினர்களாக ஒரு கூட்டுக் குழுவை இரு மாநில அரசுகளும் இப்போதே அமைக்க வேண்டும். எல்லையோரக் கட்டுப்பாடுகள் இரு பக்கமும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிய வேண்டும். தொற்று அறிவிக்கப்பட்ட காலத்தில் முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நோய்க்காலச் சம்பளம் கிடைக்க, இரண்டு நாள் காத்திருப்பையும் 78 நாள் நிபந்தனையையும் மத்திய அரசு தளர்த்த வேண்டும். நோயாளியைத் தனியே வைக்க அறை காட்டாத விடுதிக்கு உரிமம் தரக்கூடாது. இவற்றில் எதற்கும் நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சட்டமன்றத்தில் இதை எழுப்ப வேண்டியது ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரைத் தொகுதிகளின் உறுப்பினர்கள் ஆறு பேரின் கடமை. வரும் கூட்டத்தொடரிலேயே எழுப்புங்கள்.