ராணுவத்தில் இருக்கும் கணவரோடு வெளிநாட்டில் வாழ ‘ஆர்டர்’ கட்டாயமா? அமெரிக்க விதி சொல்வது என்ன?

அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்க்கும் கணவருக்கு தென்கொரியாவுக்கு மாற்றல் வருகிறது. ஆர்டரில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கு. மனைவி சொந்தக் காசில் டிக்கெட் போட்டு அங்கே போய் இருக்கலாமா?

சுருக்கமான பதில்: போகலாம். அவர் சிவிலியன், அவர் பயணத்தை ராணுவம் தடுக்க முடியாது. ஆனா செலவும் ரிஸ்க்கும் குடும்பத்தின் தலையில்தான்.

‘கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்’னா என்ன?

வெளிநாட்டுப் பணிக்குக் குடும்பமும் கூட வரலாம் என்று ராணுவம் தரும் அதிகாரபூர்வ ஒப்புதல். இது இருந்தால் விமான டிக்கெட், வீட்டுச் சாமான் அனுப்பும் செலவு, குடும்பக் குடியிருப்பு எல்லாம் அரசு பொறுப்பு.

ஏன் கிடைக்காமல் போகிறது?

சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் இருக்கும் தென்கொரியாவில், குடும்பம் இல்லாத 12 மாதப் பணி நீண்டகால வழக்கம். அப்படிப்பட்ட பணிக்கு ஒப்புதல் கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்குத் தேவையான சிகிச்சையோ சிறப்புக் கல்வியோ அங்கே இல்லை என்றாலும் மறுக்கலாம். பணிக்காலம் குறைவாக மிச்சம் இருப்பதும் ஒரு காரணம்.

ஒப்புதல் இல்லாமல் போனால்?

• பணம்: விலைவாசிப்படியில் குடும்பத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பிரிந்திருப்பதற்காகத் தரும் படியும், மனைவி அங்கேயே குடியேறினால் நின்றுவிடும்.

• வீடு: தனிப்பணியில் இருப்பவர் முகாமுக்குள்ளேயே தங்க வேண்டியிருக்கலாம். வெளியே வீடு எடுக்க மேலதிகாரியின் அனுமதி தேவை. அது கிடைக்கவில்லை என்றால், ஒரே ஊரில் இரண்டு கூரை!

• மருத்துவம்: ‘ட்ரைகேர்’ காப்பீடு போய்விடாது. ஆனா ராணுவ மருத்துவமனையில் இடம் இருந்தால்தான் அப்பாயின்ட்மென்ட். வெளியே பார்த்தால், பெரும்பாலும் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் செய்யணும்.

• பள்ளி: ராணுவப் பள்ளிகளிலும் அதே கதைதான். சீட் மிச்சம் இருந்தால் மட்டுமே.

விசா சிக்கல் வருமா?

இங்கேதான் ‘சோஃபா’ வருகிறது. ஹாலில் கிடக்கும் சோஃபா இல்லை. வெளிநாட்டுப் படைகளின் சட்ட அந்தஸ்து பற்றி நாடுகள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தின் சுருக்கப்பெயர். நேட்டோ 1951-லும், ஜப்பான் 1960-லும், தென்கொரியா 1966-லும் கையெழுத்திட்டவை. மூன்றுமே கணவன், மனைவி, பிள்ளை என்ற உறவை வைத்துத்தான் குடும்பத்தை வரையறுக்கின்றன; ‘கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்’பை வைத்து அல்ல.

ஆனா நடைமுறையில், அந்த அந்தஸ்தைப் பெற ராணுவத் தரப்பின் ஆவணம் வேண்டும். அதைத் தரும் முறை நாட்டுக்கு நாடு மாறும். கிடைக்காவிட்டால், அமெரிக்க பாஸ்போர்ட்காரர்களுக்கும் சுற்றுலாப் பயணிக்கான 90 நாள் வரம்புதான்.

இந்திய பாஸ்போர்ட் என்றால்?

சிக்கல் இரட்டிப்பு. ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா மூன்றுக்குமே முன்கூட்டி விசா எடுக்கணும்.

அதைவிடப் பெரிசு, கிரீன் கார்டு. ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், குடியுரிமைக்குத் தேவையான தொடர் வசிப்பு கேள்விக்குள்ளாகும். ஒரு வருடம் தாண்டினால், பொதுவாக கார்டை மட்டும் காட்டித் திரும்ப முடியாது. ராணுவ ஆர்டரின்படி துணையோடு சென்றவர்களுக்கு, வெளிநாட்டில் இருந்த காலத்தையும் அமெரிக்காவில் வசித்ததாகக் கணக்கிடும் சலுகை சட்டத்தில் உண்டு. சொந்தமாகக் கிளம்பிப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. கூட வாழ்ந்த காலமே, குடியுரிமைக் கணக்கில் இழந்த காலமாகிவிடலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

1. முதலில் ஒப்புதலுக்கு விண்ணப்பியுங்கள். ஒருமுறை மறுத்தாலே கதை முடிந்தது என்றில்லை. பணிக்காலத்தை நீட்டிக்கச் சம்மதித்தால் வழி திறக்கலாம். பொதுவாக, குடும்பம் போய்ச் சேரும்போது 12 மாதமாவது பணி மிச்சம் இருக்கணும்.

2. வேலையை விடும் முன், வீட்டைக் காலி செய்யும் முன், எந்தப் படி நிற்கும், எது தொடரும் என்று சம்பளப் பிரிவிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.

3. கிரீன் கார்டு இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்த பிறகே டிக்கெட்.

4. 90 நாளுக்கு மிகாத விசிட்டாக மட்டும் போய்வரலாம். பிரிவுப்படியும் பொதுவாக நிற்காது.

12 மாதம் பிரிந்திருப்பது சின்ன விஷயமில்லை. சேர்ந்திருக்க ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. ஆனா சூட்கேஸை எடுக்கும் முன் கால்குலேட்டரையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.