பொட்டலம் சொல்லாத உண்மை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. கம்பும் சோளமும் கடலையும் விளையும் சேலம், நாமக்கல் மண்ணில் இன்று பெட்டிக்கடைதோறும் வண்ணப் பொட்டலங்கள் தோரணமாகத் தொங்குகின்றன. அவற்றை விரும்பி வாங்குவோரில் மாணவ மாணவியராகிய நாமே முன்னணியில் நிற்கிறோம். ஆகவே, உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

கண்ணுக்கு அழகானதெல்லாம் உடலுக்கு நல்லதாகிவிடாது. ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயை 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை செய்தது. அது துணிக்கு ஏற்றும் சாயம். சாயத்தின் இடம் பட்டறையே என்பதை, நெசவுக்குப் பெயர்பெற்ற சேலத்தாருக்குச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் கண்ணால் கண்டு அதனை அறிய இயலவில்லை. சோதனைச்சாலைதான் உண்மையை உரைத்தது.

சாயமாவது வெளியிலிருந்து சேர்ப்பது. பொரிக்கும்போது தானே உண்டாகும் தீங்கும் உண்டு. உருளைக்கிழங்கு போன்றவற்றை 120 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பொரித்தால் அக்ரிலமைடு என்னும் பொருள் உண்டாகிறது என்று 2002-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் அறிவித்தனர். அது மரபணுவைச் சிதைத்துப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்பதை விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. எவரும் அதை அளந்து சேர்ப்பதில்லை. ஆதலால் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட பட்டியலில் அதன் பெயர் இராது.

கெட்ட பண்டத்தால் வரும் வயிற்றுவலி அன்றே தெரிந்துவிடும். மரபணுவுக்கு நேரும் கேடோ உடனே வலிப்பதில்லை. பல்லாண்டு கழித்து நோயாக வெளிப்படலாம். இதனாலேயே முன்கூட்டிச் சோதிப்பது இன்றியமையாதது.

அதற்கு வழியும் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் 1970-களில் ஓர் எளிய சோதனையை வகுத்தார். குறிப்பிட்ட ஒரு சத்தைக் கொடுத்தாலன்றி வளராத கிருமிகளோடு, ஐயத்துக்குரிய பொருளைச் சேர்த்து வைப்பார்கள். அப்பொருள் மரபணுவை மாற்றுமாயின், அச்சத்து இன்றியே பல கிருமிகள் வளர்ந்து புள்ளி புள்ளியாகத் தென்படும். இரண்டே நாளில் விடை கிடைத்துவிடும். மேல்நிலை வகுப்பில் நாம் நுண்ணோக்கியில் காணும் வெங்காய வேர்நுனியும் இத்தகைய ஆய்வுக்குப் பயன்படுகிறது.

"கிருமிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா?" எனச் சிலர் வினவலாம். நேர்ந்தே தீரும் என்று நாம் சொல்லவில்லை. அச்சோதனை ஓர் எச்சரிக்கை மணி. மணி ஒலித்தால் மேலும் ஆராய வேண்டும் என்பதே நம் வாதம். தின்பண்டங்களுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு மரபணுவுக்குத் தீங்கிழைக்காது என உறுதி கூற இயலாமையாலேயே, ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அதனை உணவில் தடை செய்தது. ஐயத்தின் பலன் வியாபாரிக்கன்று, உண்பவருக்கே என்பதன்றோ அதன் பொருள்?

சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கலப்படமும் சாயமும் பார்ப்பதோடு நில்லாமல், சிறுவர் மிகுதியாக உண்ணும் பண்டங்களை முழுமையாகவே எடுத்து மரபணுச் சோதனைக்கும் உட்படுத்த அரசு ஆவன செய்ய வேண்டும். முடிவுகளை எளிய தமிழில் அச்சிட்டுப் பள்ளிதோறும் அனுப்ப வேண்டும்.

அதுவரை நாமும் வாளாவிருத்தல் ஆகாது. நிறத்துக்கு மயங்காமல், வறுத்த கடலைக்கும் எள்ளுருண்டைக்கும் கொய்யாவுக்கும் கை நீட்டுவோம். உண்பதற்கு முன் கேட்போம்; கேட்டுத் தெளிந்தபின் உண்போம்!