கர்ப்பாசயத்தின் காவல்

கர்ப்பாசயத்தைச் சிசுவைச் சுமக்கும் ஒரு பை என்று மட்டுமே எண்ணிப் பழகிவிட்ட நம்மில் பலர், அதன் உட்சுவரை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் செல்கள் அல்லும் பகலும் புரிந்துவரும் காவற்பணியைச் சிந்தித்துப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து கிருமிகளுக்கு வழிவிடாமல் நிற்பதோடு அவற்றின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அந்நிய நுண்ணுயிர்களின் அடையாளங்களை இனங்காணும் ஏற்பிகளைத் தாமே தாங்கி, லைசோசைம், லாக்டோஃபெரின், டிஃபென்சின் முதலிய கிருமிநாசினிகளைத் தாமே சுரந்து, அபாயம் மிகுந்தால் இரசாயன சமிக்ஞைகளால் வெள்ளணுக்களை வரவழைக்கவும் அவை வல்லவை. இதனினும் ஆச்சரியம், அந்தக் காவலில் விளங்கும் விவேகம். தாய்க்குப் பாதி அந்நியமான கருவைத் தாயின் சரீரம் ஏன் நிராகரிப்பதில்லை என்று 1953இல் உயிரியலாளர் பீட்டர் மெடவார் எழுப்பிய வினாவுக்கு விடை தேடுவோர், இந்த மெல்லிய திசுவையும் கருத்தில் கொள்ளாமல் இருக்க முடியாது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் மாதந்தோறும் இச்செல்களின் சுரப்பை ஏற்றியும் இறக்கியும் வருகின்றன. கருமுட்டை வெளிப்பட்ட பின்னுள்ள நாட்களில், கரு வந்து பதிவதற்கு இசைவாகத் தற்காப்பின் சில அங்கங்கள் தளர்கின்றன. அத்தளர்ச்சியே நோய்க்கும் வாயிலாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவது என் மனத்தை உறுத்துகிறது. ஏனெனில் பெண்களின் மலட்டுத்தன்மைக்கு ஒரு காரணமான கிளமிடியா என்னும் கிருமி, பலரிடம் யாதொரு நோய்க்குறியும் காட்டாமல், காவல் நிற்கும் இந்தச் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது.