யார் மட்டை பிடிப்பது, யார் பந்து போடுவது?

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் வியாசர்பாடியில் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதில் குவாட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வந்துதான் கிளம்பும். யாருக்குக் கொடுப்பது, எங்கே வீசுவது என்று முடிவெடுப்பவர் அவர். மற்றவர்களுக்கு ஓடுவது, மோதுவது, தடுப்பது.

தொழில்முறை அணிகளுக்கு அங்கே ஆள் தயாராவது பல்கலைக்கழகங்களில். பள்ளியில் குவாட்டர்பேக்காக ஆடிவந்த கறுப்பின மாணவரை, "உன் கால் வேகத்துக்கு இது இடமில்லை" என்று பாராட்டியே ஓடுகிற இடத்துக்கு மாற்றிவிடுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. 1970இல் லாய், மெக்எல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் யார் எங்கே ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். முடிவெடுக்கும் நடு இடங்களில் வெள்ளையர்கள், ஓரங்களில் கறுப்பினத்தவர். சமூகவியலில் இதற்கு 'ஸ்டாக்கிங்' என்று பெயர்.

வாரன் மூன் இடம் மாற மறுத்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 1978 ரோஸ் பவுல் போட்டியில் வெல்லவைத்து, அதில் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். அந்த ஆண்டு எந்த அமெரிக்கத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆடிவிட்டுத்தான் திரும்பினார். 1988இல் டக் வில்லியம்ஸ் சூப்பர் பவுல் கோப்பையை வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் ஆனார். அவர் வந்தது கிராம்ப்ளிங் என்ற கறுப்பினத்தவர் கல்லூரியிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே அவரை இடம் மாற்றச் சொல்ல யாருமில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் கும்மிடிப்பூண்டி. சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பற்றிய என் ஆய்வுக்காக அந்தப் பக்கத்துக் காலனிகளுக்குப் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச்சில் அந்த இளைஞர்கள் எல்லாம் செய்கிறார்கள். பந்து போடுகிறவனே அடுத்த இன்னிங்சில் இறங்கி ஏரிக்கரையைத் தாண்டி அடிக்கிறான். ஆனால் அவர்களில் கல்லூரி அணிவரை போனவர்களைத் தேடிப் பேசினால், நான் பார்த்தவரை எல்லோரும் வேகப்பந்து வீச்சாளர்கள். ஒருவர் சொன்னார்: "கோச் என்னப் பாத்ததுமே 'நீ ஓடிவந்து போடுடா'ன்னுட்டாரு அண்ணா. பேட்டிங் கடைசியாத்தான் கிடைக்கும். அதுக்குள்ள இருட்டிடும்."

இதற்குச் சாதி வெறி பிடித்த பயிற்சியாளர் தேவையே இல்லை. தோல் பந்துக்கு ஓரளவு நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டை வாங்கவே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பேட், கையுறை, ஹெல்மெட் தனி. பந்து வீச ஒரு ஜோடி ஷூ போதும். தவிர, மட்டையடி என்பது சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான பந்துகளைச் சந்தித்து வருகிற பழக்கம். அந்தப் பந்துகளை யாராவது போட வேண்டுமே! காலனிப் பையன் அந்த 'யாராவது' ஆகிவிடுகிறான்.

இது பழைய கதை. பல்வங்கர் பாலு, தீண்டத்தகாதவராக நடத்தப்பட்ட சாதியில் பிறந்தவர். பூனா கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கிற வேலை. ஆங்கிலேயர்களுக்கு வலையில் ஆயிரக்கணக்கான பந்துகள் வீசினார். மட்டை பிடிக்க மட்டும் விடவில்லை என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தும், இந்து அணியின் தலைவராக அவரை ஒருநாளும் ஆக்கவில்லை. சகோதரர்கள் அணியைவிட்டு விலகிப் போராடிய பிறகு, 1923இல் தலைமை கிடைத்தது அவருடைய தம்பி விட்டலுக்கு. விட்டல் மட்டையாளர்.

நூறாண்டு கழித்து சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் முதலில் வலைப் பந்துவீச்சாளராகத்தான். அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வலையில் பந்து போட்டு முடித்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எந்த இடத்தில் ஆடினால் என்ன என்று கேட்கலாம். வேகப்பந்து வீச்சாளரின் முழங்காலும் முதுகும் சீக்கிரம் தேய்கின்றன. கபில்தேவ் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, தலைவர்களாக வருவது பெரும்பாலும் மட்டையாளர்கள். உடம்பை மட்டும் விற்கச் சொல்கிற இடம் எது, மூளைக்கும் சேர்த்து மதிப்புத் தருகிற இடம் எது என்பது சிப்காட் ஷெட்டில் லோடு இறக்குகிறவருக்குத் தெரியும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் மட்டையையும் பேடையும் கல்லூரிச் செலவில் தரட்டும். தேர்வு நாளில் வந்த எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் பந்து போட்டுப் பார்க்கட்டும். வலையில் யாருக்கு எத்தனை நிமிடம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மூன்றாவதுதான் முதலில் வேண்டும். காசே செலவாகாது, ஆனால் ஒரு பருவம் எழுதினால் போதும், அந்த நோட்டைக் காட்டவே கூசுவார்கள்.

என்னிடம் பேசிய அந்த இளைஞருக்கு இப்போது 24 வயது. தோள்பட்டை வலியில் ஆட்டத்தை விட்டுவிட்டார். கும்மிடிப்பூண்டியில் ஒப்பந்த வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். தான் எவ்வளவு நேரம் மட்டை பிடித்திருப்பேன் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று ஆண்டுகளில், எல்லாம் சேர்த்து, ஒரு முழு நாள்கூட வராது என்கிறார்.