சான்றிதழ் பின்னால் வரட்டும்

'கொக்கு' என்ற சொல்லை ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கவனித்தால், தமிழ் எழுத்து அதனிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று தெரியும். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, நடுவில் ககரம், பின்னால் துணைக்கால். கண் இடமிருந்து வலமாகப் போக, வாய் நடுவிலிருக்கும் எழுத்தில் தொடங்கி இருபக்கக் குறிகளையும் ஒரே ஒலியாக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பழகிவிடுகிறது. சிலர் மட்டும் நான்காம் வகுப்பிலும் 'கெ... கா...' என்று நின்றுவிடுகிறார்கள். பள்ளி இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'மெல்லக் கற்போர்'. கண் சரியாகத் தெரியாத பிள்ளை, அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளை, டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை எல்லாருக்கும் அந்த ஒரே பெயர்தான். இவர்களைப் பிரித்தறிந்து, யாருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று காட்டுவதற்குத்தான் கற்றல் மதிப்பீடு. நம்மிடம் அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது சான்றிதழ் வாங்குகிற சடங்காகச் சுருங்கிக் கிடக்கிறது.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் நியாயமானவை, தேவையானவை. சிக்கல் அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் வகுத்தது. எட்டு வயது வரம்புக்குக் காரணம் உண்டு: அதற்கு முன் பிள்ளைகள் எழுத்தைப் பிடிக்கும் வேகம் இயல்பாகவே வேறுபடும், அவசரப்பட்டால் தவறாகும். ஆனால் 'எட்டுக்கு முன் சான்றிதழ் கிடையாது' என்ற விதி, நடைமுறையில் 'எட்டுக்கு முன் எதுவும் செய்ய வேண்டாம்' என்று புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது. படிக்கக் கற்றுக்கொள்ளும் வயது முடிந்து, படித்துக் கற்றுக்கொள்ளும் வயது தொடங்கும் இடம் அந்த எட்டு வயது. அதற்குள் அந்தப் பிள்ளை கணக்கிலும் அறிவியலிலும் சேர்ந்தே பின்தங்கத் தொடங்கிவிடும், கேள்வியையே படிக்க முடியாததால்.

சோதனைக் கருவிகளின் கதை இன்னும் சங்கடமானது. அதே வழிகாட்டுதல் கற்றல் குறைபாட்டுக்குப் பரிந்துரைத்தது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பை. அதன் மேல்நிலைப் பகுதியே எட்டு முதல் 12 வயது வரைக்கானது; 18 வயதில் வந்து நிற்பவரை அதை வைத்து எப்படி அளப்பது? நுண்ணறிவை அளக்கப் பல இடங்களில் இன்றும் எடுப்பவை, 1930களில் காமத் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்கென மாற்றியமைத்த பினே சோதனையும், மாலின் என்பவர் 1960களில் தயாரித்த அளவுகோலும். தலைமுறைக்குத் தலைமுறை சராசரி மதிப்பெண் ஏறுகிறது என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. பாட்டன் காலத்துச் சராசரியோடு பேரனை ஒப்பிட்டால் உண்மையான குறை மறைந்துபோகலாம். மொழியோ எல்லாவற்றுக்கும் மேலான சிக்கல். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கான டிஸ்லெக்ஸியா சோதனையை வெளியிட்டபோது, அது முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து நேரம் குறித்தால், அளக்கப்படுவது அதன் ஆங்கிலம், அதாவது வீட்டின் வசதி. அப்படியே மொழிபெயர்த்தாலும் போதாது. 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதுவது பல மாவட்டங்களின் பேச்சு; அதைக் குறைபாட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு நேரான உறவுள்ள மொழிகளில் டிஸ்லெக்ஸியா பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாக வெளிப்படுவதுதான் அதிகம். பிழைகளை மட்டும் எண்ணும் சோதனை, சரியாக ஆனால் நத்தை வேகத்தில் படிக்கும் பிள்ளையைத் தவறவிட்டுவிடும்.

இதற்கான தொடக்கப் புள்ளி நம் பள்ளிகளிலேயே இருக்கிறது. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறது. இரண்டு பருவம் கூடுதல் கவனம் கொடுத்தும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்தப் பெயர்ப் பட்டியல்தான் முதற்கட்ட மதிப்பீடு. அடுத்து கண், காது பரிசோதனை. அதன்பின் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வந்து, பிள்ளையின் தமிழிலேயே சோதித்து எழுதித் தர வேண்டிய அறிக்கையில் 'நுண்ணறிவு ஈவு 84' என்ற எண்ணால் ஆசிரியருக்குப் பயனில்லை. 'கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் தடுமாறுகிறான், மெய்யெழுத்து நடுவில் வந்தால் விட்டுவிடுகிறான், காதால் கேட்ட கதையை முழுதாகத் திருப்பிச் சொல்கிறான்' என்ற மூன்று வரி போதும். மறுநாள் காலை என்ன நடத்துவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சின்ன வயதிலேயே முத்திரை குத்துவதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கவலை பொய்யல்ல. 1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே தன் சோதனையை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். கடல் கடந்து அமெரிக்கா போனதும் அதுவே மனிதர்களைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று. ஆனால் சோதிக்கப்படாத பிள்ளைக்கும் முத்திரை உண்டு, 'மக்கு' என்று. சலுகைக்காகக் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள் என்பது இன்னொரு புகார். மதிப்பீடு தனியார் மையங்களில் மட்டும் எளிதாகக் கிடைக்கும்வரை அது வசதி உள்ளவர்களின் சலுகையாகத்தான் இருக்கும். பள்ளியிலேயே மூன்று ஆண்டுப் பதிவு இருந்தால், பத்தாம் வகுப்பில் திடீரென முளைக்கும் குறைபாட்டை அடையாளம் காண்பதும் சுலபம். ஆளில்லை, பணமில்லை என்பது உண்மையான தடை. மருத்துவ உளவியலாளர்கள் போதுமான அளவில் இல்லை. ஆனால் முதல் இரண்டு படிகளுக்கு அவர்கள் தேவையுமில்லை. தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரமாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது, ஓர் அரசு மனம் வைத்தால் செய்யக்கூடியதே. (2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படம் டிஸ்லெக்ஸியாவை வீட்டுச் சொல்லாக்கியது, நன்றி. ஆனால் அதில் வரும் பையனைப் போல ஓவியத்தில் மேதையாக இருந்தால்தான் உதவி என்பதில்லை. சுமாராக வரையும் பிள்ளைக்கும் படிக்கத் தெரிந்தாக வேண்டும்.)

பள்ளி வயதில் இந்த மதிப்பீட்டு வலையில் சிக்காமல் போனவர்கள்தான் இன்று பெரியவர்களாகி மதிப்பீட்டுக்கு வருகிறார்கள்: படிவம் நிரப்ப அஞ்சும் தொழிலாளி, கவனச் சிதறலால் வேலை மாறிக்கொண்டே இருக்கும் இளைஞர். 40 சதவீதக் குறைபாடு இல்லாவிட்டாலும் தேவை இருந்தால் தேர்வில் எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அத்தகையோருக்குப் பெரிய கதவு. ஆனால் அறைக்குள் வேறு சிக்கல் காத்திருக்கிறது. கவனக்குறைவுக் கோளாறு என்று பெரியவர் ஒருவருக்கு முடிவுசெய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்று பார்த்தாக வேண்டும். அதனால் உளவியலாளர் பழைய பள்ளி ஆவணங்களைக் கேட்கிறார். வருபவர் டிரங்குப் பெட்டியைக் கிளறி முன்னேற்ற அறிக்கை அட்டையைக் கொண்டுவருகிறார். தமிழ் 31, ஆங்கிலம் 22, கணக்கு 40. கீழே, ஆசிரியர் குறிப்புக்கென விட்ட கோட்டில், மூன்று பருவத்துக்கும் ஒரே வாசகம்: 'இன்னும் முயற்சி தேவை.'