மலையுச்சியில் தீ எரியும்போது ஏன் அழுகிறோம்?

'த ரிட்டர்ன் ஒஃப் த கிங்' படத்தில் ஒரு காட்சி. மினாஸ் திரித் நகரின் உச்சிக்குப் பிப்பின் என்ற ஹொபிட் களவாக ஏறிப்போய் விறகுக் குவியலுக்குத் தீ வைக்கிறான். தூரத்து மலையொன்றில் இன்னொரு தீ பதிலுக்கு எரிகிறது. பிறகு இன்னொன்று. பனி மூடிய மலைத்தொடர் முழுக்க நெருப்புத் தாவித் தாவிப் போய், 'கொண்டோருக்கு உதவி வேண்டும்' என்ற செய்தியை ரோஹன் நாட்டுக்குக் கொண்டுபோகிறது. யோசித்துப் பார்த்தால் இது ஒரு தந்தி அனுப்புகிற காட்சி, அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாரும் பிரியவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் கண் கலங்காத ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை.

என் பெறாமகனுக்குப் பதினாறு வயது. இந்தக் காட்சியை மட்டும் கைத்தொலைபேசியில் நூறு தரமாவது பார்த்திருப்பான். மூன்று படங்களையும் முழுதாக ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. "சித்தப்பா, இந்த மியூசிக் வந்தாலே புல்லரிக்குது" என்கிறான். புல்லரிக்கட்டும், அதில் பிழையில்லை. நூறு பேர் சேர்ந்து ஊதி, இழுத்து, அடித்தால் எந்த மெட்டுக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அவனுக்குக் கிடைப்பது பாதிதான் என்று நான் சொல்கிறேன். கண்ணீர் வருவதற்குக் காரணம் வேறு. அது சத்தத்தில் இல்லை, ஞாபகத்தில் இருக்கிறது.

அந்தத் தீக் காட்சியில் முழங்குகிற மெட்டை நாம் முதலில் கேட்பது அங்கே அல்ல. 2001இல் வந்த முதல் படத்தில், எல்ரொண்டின் சபையில், போரமிர் எழுந்து தன் நாட்டைப் பற்றிக் கதைக்கிறான். அவன் குரலுக்குப் பின்னால் ஒரேயொரு ஹோர்ன் அதே மெட்டைத் தாழ்ந்த குரலில் வாசிக்கிறது. சபையில் ஒருவரும் அவனைப் பெரிதாக மதிக்கவில்லை. நாமும் அந்த மெட்டைப் பெரிதாக மதிப்பதில்லை, காதில் விழுந்ததுகூடத் தெரியாமல் கடந்துபோகிறோம். அரசன் இல்லாத, களைத்துப்போன ஒரு நாட்டின் மெட்டு அது. இரண்டு வருடம் கழித்து மூன்றாவது படத்தில்தான் அது நிமிர்ந்து நிற்கிறது. அதற்குள் போரமிர் செத்துப்போய்விட்டான். அவன் பார்க்க ஆசைப்பட்டதை நாம் அவனில்லாமல் பார்க்கிறோம். மலைகளுக்கு மேலே பித்தளைக் கருவிகள் எழும்பும்போது இதில் எதையும் நீங்கள் யோசிக்கமாட்டீர்கள். உங்கள் காது யோசித்து முடித்துவிட்டிருக்கும்.

என் வேலையில் ஒரு மாறியை முதலில் அறிவிக்காமல் பயன்படுத்தினால் புரோகிராம் பல்லைக் காட்டும். ஹவர்ட் ஷோர் செய்ததும் அப்படியான வேலைதான். ஒவ்வொரு நாட்டுக்கும் இனத்துக்கும் பொருளுக்கும் ஒரு மெட்டை முதலில் அறிவித்துவிட்டு, தேவையான இடத்தில் கூப்பிட்டார். இப்படி 80க்கும் மேற்பட்ட மெட்டுகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். முழு இசையும் சுமார் பத்து மணி நேரம். இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர், 1876இல் முழுதாக மேடையேறிய தன் நான்கு ஓபராக்களில் இதைத்தான் செய்தார். அந்தக் கதையிலும் ஒரு மோதிரம்தான் பிரச்சினை! ஷோர் யாரோ தூரத்து மேதை என்றும் நினைக்கவேண்டாம். 1946இல் எங்கள் ரொறன்ரோவில் பிறந்த மனிதர், 'சற்றடே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு இசை இயக்குநராக இருந்தவர். இந்த மூன்று படங்களுக்காக அவருக்கு மூன்று ஒஸ்கார் கிடைத்தது: இரண்டு பின்னணி இசைக்கு, ஒன்று பாட்டுக்கு.

ஷயர் என்ற ஊரின் மெட்டு இன்னும் எளிமையானது. தகரப் புல்லாங்குழலும் பிடிலும். பச்சைப் புல், வட்டக் கதவு, புகைக்கிற கிழவர்கள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே அது நம் மண்டையில் பதிந்துவிடும். பிறகு ஹொபிட்டுகள் ஊரைவிட்டுத் தூரம் போகப்போக அந்த மெட்டு குறைந்துகொண்டே வருகிறது. மூன்றாவது படத்தின் முடிவில், எரிமலைச் சரிவில், ஃப்ரோடோ எழும்பமுடியாமல் கிடக்கிறான். சாம் அவனிடம் ஊரைப் பற்றிக் கேட்கிறான். அப்போது அதே மெட்டு வருகிறது, துள்ளல் எல்லாம் வடிந்து, மெலிந்து. ஃப்ரோடோவுக்கு ஊர் ஞாபகம் வரவில்லை. நமக்கு வருகிறது. அங்கேதான் தொண்டை அடைக்கிறது. அவன் மறந்ததை நாம் அவனுக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம், மூன்று படமாக.

இதை வாசிக்கிற பலர் என்னைப்போல வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள். எங்கள் அப்பா அம்மா கரவெட்டி என்றோ காரைநகர் என்றோ சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒன்று வருமே, அது எங்களுக்கு வராது. நாங்கள் அங்கே வளரவில்லை. அதனால் 'ஊர் ஏக்கம்' என்ற உணர்ச்சியே எங்களுக்கு இல்லை என்று பெரியவர்கள் சில நேரம் முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இல்லாத ஓர் ஊருக்காக, நியூசிலாந்தில் ஒரு பண்ணையில் போட்ட செட்டுக்காக, ஒரு பிடில் என்னை ஏங்கவைத்தது. பன்னிரண்டு வயதில், திரையரங்க இருட்டில், அம்மாவின் முகத்தில் வருவது என்னவென்று எனக்கு முதன்முதலாகக் கொஞ்சம் விளங்கியது. அந்த வேலையை எந்தத் தமிழ்ப் பாடப்புத்தகமும் செய்யவில்லை.

சரி, இப்போது ஒரு குறை. இது எங்கள் காதுக்கு மட்டும் உறுத்துகிற விஷயம் என்பதால் சொல்லியே ஆகவேண்டும்.

மோர்டோரின் மெட்டில், அதாவது படத்தின் உச்சக்கட்டத் தீமைக்கு, ஷோர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று ரைட்டா. வட ஆபிரிக்காவின் கருவி. சீவாளி வைத்து ஊதுவது, நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. அந்தக் கூர்மையான, மூக்கால் வருகிற சத்தம் எங்களுக்குத் தாலி கட்டுகிற நேரம், கோயில் தேர். படத்தில் அது சௌரோன். லோத்லோரியன் காட்டின் மாய எல்ஃபுகளுக்கு சாரங்கி. வெள்ளைக் குதிரைவீரர்களான ரோஹன் மக்களுக்கு நோர்வே நாட்டு ஹார்டாங்கர் பிடில். அன்பான ஹொபிட்டுகளுக்கு ஐரிஷ் வாசம். கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிற கருவி என்றால் ஒன்றில் மர்மம், இல்லாவிட்டால் பயம். ஹொலிவுட்டின் பழைய பழக்கம் இது. ஷோர் மிகக் கவனமான கலைஞர். ஆனால் அந்தப் பழக்கத்தை அவரும் முழுதாக விட்டுவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இதே குறைதான் என் வாதத்துக்குச் சாட்சியும். சீவாளிச் சத்தத்துக்குள் தீமை என்று ஒன்றும் இல்லை, மங்களமும் இல்லை. எங்களுக்குக் கலியாண வீட்டில் ஒன்றைப் பழக்கினார்கள், படம் இன்னொன்றைப் பழக்குகிறது. இசென்கார்ட் மெட்டையும் எடுத்துப் பாருங்கள். சருமான் மரங்களை வெட்டி, பூமிக்கடியில் ஓர்க் படையை உருவாக்குகிற இடத்தில், இரும்பு இரும்பில் அடிபடுகிற சத்தத்தோடு வரும் தாளம் ஐந்து எண்ணிக்கை. மிருதங்கமோ பரதமோ பழகியவர்களுக்கு இது புதிதல்ல, 'தக தகிட' என்று கண்ட சாப்பில் எண்ணிப் பழகிய அதே ஐந்து. மேடையில் அது ஒய்யாரமாக ஓடும். படத்தில் அதே ஐந்து வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் அங்கே அது நடைபோடுகிற படைக்குப் பின்னால் வருகிறது. இரண்டு காலுள்ள ஒருவர் ஐந்து எண்ணி நடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி வேறு காலில் விழும். உடம்புக்கு ஒரு பிடி கிடைக்காது. வீட்டு ஹோலில் நடந்து பாருங்கள், அம்மா என்னவென்று கேட்டால் எஞ்சினியரிங் என்று சொல்லுங்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நண்பர்கள் பலர் சொல்வதுதான்: "இசை நம்மை ஏமாற்றுகிறது. காட்சியில் இல்லாத உணர்ச்சியை வயலினால் ஊற்றுகிறார்கள்." பல படங்களுக்கு இது சரி. அழுகைக் காட்சிக்கு முன்பே வயலின் அழத் தொடங்கிவிட்டால் எனக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் ஏமாற்ற நினைக்கிறவர் மௌனத்துக்குப் பயப்படுவார். இந்தப் படங்கள் பயப்படுவதில்லை. இரண்டாவது படத்தில், ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு முன்னால் ஆயிரக்கணக்கான ஓர்க்குகள் வந்து நிற்கும்போது, பெரிய இசை வரவேண்டிய அந்த இடத்தில் இசையை நிறுத்திவிடுகிறார்கள். கவசத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும். மூன்றாவது படத்தில் ஃபரமிர் சாகப் போவதுபோலக் குதிரையில் போகும்போது, பிப்பின் ஒரு சின்னப் பாட்டைப் பாடுகிறான். அதன் மெட்டைப் போட்டது பிப்பினாக நடித்த பில்லி போய்டே. நூறு பேர் கொண்ட ஓர்கெஸ்ட்ரா கையில் இருக்க, ஒரு நடிகரின் தனிக் குரலுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன்? இன்றைக்கு 'எபிக் மியூசிக்' என்ற பெயரில் மணிக்கணக்காக ஓடுகிற பட்டியல்கள் இருக்கின்றன. என் பெறாமகன் கணக்குப் படிப்பதே அதை ஓடவிட்டுத்தான். முதல் நொடியிலேயே பெரிய மேளம், பத்தாவது நொடியில் கோரஸ். ஒன்று முடிய இன்னொன்று, எதற்கும் முகமில்லை. கூச்சல் மட்டும் பெரியது, ஞாபகம் வைக்க ஒரு மெட்டு இல்லை. பாடம் படிக்க அது உதவுமென்றால் உதவட்டும். என் கவலை, படமெடுக்கிறவர்களே இதை இசை என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான். வேறொரு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் படத்தை வெட்டி ஒட்டுவது, பிறகு இசையமைப்பாளரிடம் "இதே மாதிரி ஒன்று" என்று கேட்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் எல்லாப் படமும் ஒரே படமாகத்தான் கேட்கும். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் முணுமுணுக்கக்கூடிய மெட்டு ஒன்றாவது கடைசியாகப் பார்த்த பெரிய படத்தில் இருந்ததா? எனக்கு இல்லை.

இடையில் ஒரு செய்தி, பெருமைக்காக: 2006இல் இதே கதை ரொறன்ரோவில் பிரின்சஸ் ஒஃப் வேல்ஸ் அரங்கில் இசை நாடகமாக மேடையேறியது. இசை போட்டவர்களில் ஒருவர் நம்ம ஏ. ஆர். ரஹ்மான், பின்லாந்தின் வார்த்தினா குழுவோடு சேர்ந்து. ரொறன்ரோவில் பிறந்தவர் படத்துக்கு இசை, சென்னையில் பிறந்தவர் ரொறன்ரோ மேடைக்கு இசை. ஒரு ஹொபிட் கதை எங்கெல்லாம் சுற்றியிருக்கிறது பாருங்கள்.

வரும் விடுமுறையில் மூன்று நாள் ஒதுக்கமுடிந்தால் மூன்று படத்தையும் வரிசையாகப் பாருங்கள். தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். போரமிர் எழுந்து கதைக்கத் தொடங்கும்போது அவன் சொல்வதை விட்டுவிட்டுப் பின்னால் ஊதுகிற ஹோர்னைக் கேளுங்கள். மூன்றாவது படத்தில் விடியற்காலையில் ரோஹன் குதிரைப்படை பாய்கிறதே, அந்த ஆயிரக்கணக்கான குளம்புச் சத்தத்துக்கு மேலே அதே ஹார்டாங்கர் பிடில் எழும்புகிறதா என்றும் கவனியுங்கள். அந்தப் பிடிலில் வில் படுகிற தந்திகளுக்குக் கீழே இன்னும் சில தந்திகள் உண்டு. அவற்றை யாரும் தொடுவதில்லை. மேலே வாசிப்பதைக் கேட்டுத் தாமாக அதிர்பவை அவை.